ஏரியில் உப்பு

நடு ஏரியில் படகு நின்றுவிட்டதாம்.
நின்றதுகூட இல்லை, சுற்றியதாம்,
செக்குமாடு மாதிரி ஒரே வட்டம்.
உள்ளே இருந்த பெங்களூர்க் குடும்பம்
அதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்று
கைதட்டியதாம்.

"ஸ்டியரிங் கல்லாட்டம் இருக்கு" என்றார்
போனில் புஷ்பநாதன்.
நான் லாரி பார்க்கிற ஆள்.
சூரமங்கலத்தில் பட்டறை. நீச்சல் தெரியாது.
"எல்லாம் சக்கரம்தானே, ஏறி வாங்க."

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் பஸ்ஸின் ஸ்டியரிங்
முனகி நிமிர்ந்தது.
எந்த ஜாயிண்ட் கிரீஸுக்கு ஏங்குகிறது என்று
ஏழாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது,
டிரைவரிடம் சொல்லவில்லை.

மோட்டார் பக்கம்
கேபிள் நுழைகிற குழாயின் மரையைக் கழற்ற
ஒன்றரை மணி நேரம்.
தட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து,
டீ குடித்து, மறுபடி தட்டி.
கழன்றதும் கொட்டியது
வெள்ளைப் பொடி.

வெள்ளைக்கல் சுரங்கத் தூசி என்றே நினைத்தேன்,
அடிவாரத்தில் அது இல்லாத வீடு ஏது.
எங்கள் துரு சிவப்பு,
மண்ணும் சிவப்பு என்பதால்
யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.
இது வேறு. அலுமினியம் பொரிந்து
பித்தளை ஓரமெல்லாம் பச்சை பிடித்து...
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

"ஆத்துல ஓடினதுன்னு சொல்லித்தான் வித்தான்,
தூத்துக்குடிக்காரன்"
யாரும் கேட்காதபோதே சொன்னார் புஷ்பநாதன்.
படகோட்டி சடையப்பன் குனிந்து
தானும் ஒரு விரல் நக்கினார்.
"இதுதானா கடலு?"
மலையிறங்கி அவர் போன தூரம்
வாழப்பாடிச் சந்தை மட்டும்.

ஐயாயிரம் அடி கிட்டத்தட்ட.
லாரியில் படுத்தபடியே ஏறி வந்து
ஆறு மாதம் சத்தமில்லாமல்
குழாய்க்குள் தின்றுகொண்டிருந்திருக்கிறது.
இரண்டு உலோகத்துக்கு நடுவே உப்பு உட்கார்ந்தால்
இளைத்தது தேயும்.
எஃகு ராடு தப்பித்தது. துடைத்தேன்,
என் மூக்கைக் காட்டியது.

வீங்கி உறை வெடித்த கேபிளுக்கு
வைத்தியம் இல்லை, வெட்டிப் போட்டேன்.
குழாயைப் பிரஷ் விட்டுத் தேய்த்து
நல்ல தண்ணீரில் நாலு முறை அலசினோம்,
ஐந்தாவது முறையும் சடையப்பன் அலசினார்,
நக்கிப் பார்த்துவிட்டு.

மூன்றாம் நாள் புதுக் கேபிள் வந்தது.
பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
ராடை உள்ளே இழுத்துவிட்டு கிரீஸ் அடிக்கவும்.
நீட்டி வைத்து அடித்தால்
கிரீஸே பூட்டாகிவிடும்.
வாரம் ஒருமுறை சும்மாவாவது
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத்
திருப்பவும்.
புஷ்பநாதன் முன்பக்கத்தை மட்டும் படித்தார்.
"முன்னூறு குறைச்சுக்கங்க."

ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிவிட்டார்கள்.
லைஃப் ஜாக்கெட்டின் மூன்று வாரையும்
இரண்டு முறை இழுத்துக் கட்டினேன்.
ஒற்றை விரலில் சக்கரம் திரும்பியது,
படகு திரும்பியது,
நான் பண்ணிய வேலைதான், ஆனாலும்
வயிற்றில் ஏதோ புரண்டது.

பனிமூட்டம் இறங்கி
எதிர்க்கரை காணாமல் போயிற்று.
இப்போது எந்தப் பக்கமும் தண்ணீர்தான்.
சடையப்பன் கையை நீட்டி
ஏரியில் நனைத்து
உதட்டில் வைத்துப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.
கொஞ்சம் ஏமாற்றம்போல இருந்தது குரல்.