முப்பதும் நாற்பதும்

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
எண்ணெய்க் குப்பிகள் இரண்டையும்
கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்தபடி
கொக்கோலா பள்ளியின் விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தேன்.
குளிரில் சிலிக்கான் எண்ணெய் விறைத்துக்கொள்ளும்.
குப்பியின் மேல் எந்த எண் இருந்தாலும்
சூடேறும்வரை அது பொய்.

மேசை விளக்கு. பழைய துவாலை.
உள்ளங்கையில் அடங்கும் நான்கு ஷாக் அப்சார்பர்கள்.
மூடியைத் திருகிக் கவிழ்த்தால்
சாம்பல் நிறத்தில் ஒழுகுகின்றன
போன மாதத்து மோதல்கள் அத்தனையும்.
புது ஓ-ரிங்குக்குத் துளி கிரீஸ் தடவி
தண்டைச் சுழற்றியபடி உள்ளே விட வேண்டும்.
நேராகக் குத்தினால் ரப்பர் கிழியும்.

வாரமெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் கட்டுகிறவள் நான்.
அதே இடுக்கி, அதே உருப்பெருக்கி.
ஆனால் நான் செய்த பல் எதுவும்
ஒன்றரை மீட்டர் தாவி இறங்கியதில்லை.

பிஸ்டனைப் பிடிக்கும் கிளிப்,
எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது,
டிங்கென்று தெறித்தது.
மண்டியிட்டுக் கம்பளம் முழுக்கத் தடவினேன்.
பக்கத்து மேசை இல்போ, மரலாரி ஓட்டுகிறவன்,
கருப்பு ரொட்டியை மென்றுகொண்டே
தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து
என் துவாலை ஓரத்தில் வைத்தான்.
பேசவில்லை.
நான்கு குளிர்காலமாய் என்னைத் தோற்கடிக்கிறவன்.

எண்ணெயை விளிம்புவரை ஊற்றி
தண்டை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினால்
பிஸ்டன் துளைகள் வழியே
குமிழிகள் வரிசை கட்டி மேலே வரும்.
அவசரப்படுத்தினால் பொடிப்பொடியாகி
அடியிலேயே குடியேறிவிடும்.
சும்மா இருக்க வேண்டும்.
சும்மா இருப்பது எனக்கு வராது;
கூரைக் குழல்விளக்குகளை எண்ணினேன், பதினெட்டு,
அதில் ஒன்று கண் சிமிட்டுகிறது.

மூடியபின் காதருகே வைத்து அழுத்திப் பார்த்தேன்.
காற்று மிச்சமிருந்தால்
ஈரக் காலுறையோடு நடப்பதுபோல் சளக்கென்னும்.
நான்கும் ஊமை. நல்லது.
இன்னும் ஒரு சோதனை பாக்கி,
அதற்குள் வெய்க்கோ விசிலடித்துவிட்டான்.

ஒன்பது வளைவுகள், அதில் ஆறு இடப்பக்கம்.
அந்த ஆறிலும் என் கார்
யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டதுபோல் போனது.
மற்ற மூன்றில் மட்டும் ஒரு மிரட்சி;
விரல் தானாகவே தளர்ந்துகொடுத்தது.
ஐந்து நிமிடம் முடிகையில்
இல்போவின் முன் பம்பர்
என் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால்.

என் காரைக் கவிழ்த்துப் பார்த்தான்.
"என்ன எண்ணெய், ஹில்க்கா?"
"முப்பது. நான்கிலும்."
அப்போது அது பொய்யில்லை.

இரவு, சமையலறை.
விட்டுப்போன சோதனை:
முன்பக்க ஷாக்குகள் இரண்டையும்
எதிரெதிராய் முட்டவைத்து அழுத்துவது.
சமமானால் சேர்ந்தே உள்ளே போகும்.
இடது போனது.
வலது, முறைத்துக்கொண்டு நின்றது.

குப்பிகளை விளக்கருகே தூக்கிப் பிடித்தேன்.
என் எண்ணெய்க் கட்டைவிரலே
இரண்டின் எண்ணையும் தேய்த்து அழித்திருக்கிறது.
ஒன்றில் பூஜ்யம் மட்டும் மிச்சம்.
மற்றதில் அதுவும் பாதி.

இந்நேரம் அவன் தன் நான்கையும் கழற்றி
முப்பதை நிரப்பிக்கொண்டிருப்பான்.
இருக்கட்டுமே என்றது ஒரு மனம்.
தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.
அவன் தந்த கிளிப்
அந்த வலது ஷாக்குக்குள்தான் இருந்தது.

தொலைபேசியில் சொன்னேன்:
"வலது முன்னது நாற்பது. தெரியாமல் ஊற்றிவிட்டேன்."

நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு தொண்டையைச் செருமினான்.
"அடுத்த ஞாயிறு வெய்க்கோ
பாதையைத் திருப்பி ஓட்டச் சொல்கிறான்.
ஆறும் வலப்பக்கம்."

"அப்படியா."

"இரு, வைத்துவிடாதே," என்றான்.
"மூடி திறந்திருக்கிறது.
இன்னும் குமிழி வருகிறது."

நானும் என் வலது ஷாக்கின் மூடியைத் திருகினேன்.
காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசி.
இருவரும் பேசவில்லை.