தண்ணீர்த் தாங்கி

ஜம்பட்டா வீதியில் எங்கள் வளவுக்கு
ஒரே குழாய், பதினொரு குடும்பம்.
விடியக்காலை வாளி வரிசைக்குப்
பிரட்டு என்றுதான் பெயர்.
பேர் கூப்பிடக் கங்காணி இல்லை.
ஆனாலும் பிந்தி வந்தால் பேச்சாயி அக்கா
"ஒனக்கு இன்னைக்கி அரைப் பேருதான்" என்று
பாதி நிறைந்த வாளியை இழுத்துவிடுவாள்.

எல்லாரும் மலையிலிருந்து வந்தவர்கள்.
நானும் பின்னறை இரட்டையர்களும் மட்டும்
டி சொய்சா ஆஸ்பத்திரியிலிருந்து.

கட்டிலுக்கடியில் இரும்புப் பெட்டி,
அதற்குள் கம்பளிச் சட்டைகள்.
சித்திரை வெயிலில் அம்மா அவற்றைக் கொடியில் போட
கீழ்வீட்டு நளீம் நானா அண்ணாந்து பார்த்து
"யாருக்குக் குளிர்?" என்பார்.
பூச்சி உருண்டை மணக்கும் கைக்குள்
என் கையை விட்டுப் பார்த்தேன்.
வியர்த்தது, அரித்தது.
மலை அப்படித்தான் இருக்குமென்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.

வீரமலை மாமா
ஐந்தாம் குறுக்குத் தெருவில் நாட்டாமை.
பிளேன்டீயை முகர்ந்தே சொல்வார்:
"கீழ்நாட்டுத் தூள். மழையில நனஞ்ச கொழுந்து."
பத்து வருஷம்
அதே கடையில்தான் குடித்தார்.

ஓர் இரவு பதிவு எடுக்க வந்தார்கள்.
டோர்ச் வெளிச்சம் அப்பாவின் பனியன் ஓட்டைகளில் நின்றது.
ஊர்?
மேல்பிரிவு, என்றார் அப்பா.
எந்த மேல்பிரிவு?
ரெண்டாம் லயம். ஏழாம் காம்பரா.
எழுதியவர் சிரிக்கவில்லை.
சிங்களத்தில் அதை ஓர் ஊராகவே எழுதிக்கொண்டார்.
பிறகு பேனாவால் என்னைக் காட்டி,
இது?
இதுவும் அந்த ஊர்தான்.

தை மாதத்தில்
மழை கழுவிவிட்ட விடியல் வாய்த்தால்
மாமா எங்களைத் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏற்றுவார்.
துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.
"அந்தா, அந்தப் பனைக்கும் கோயில் மணிக்கூண்டுக்கும் நடுவுல.
சிவனொளிபாதம். தெரியுதா புள்ள?"
ஒரு சாம்பல் கோடு.
அதற்குமேல் இன்னொரு சாம்பல்.
காகங்கள்.
தெரியுது மாமா, என்றேன்.
இரட்டையர்களும் தெரியுது என்றார்கள்.
"அதுக்குக் கீழதான் நம்ம..." என்றவர்
மிச்சத்தைச் சொல்லாமல்
எங்களை ஒவ்வொருவராய் இறக்கிவிட்டார்.

இப்போது எனக்கு இருபத்துமூன்றாம் மாடியில் வேலை.
கணக்குப் பிரிவு.
நாற்காலி முதுகில் அம்மாவின் கம்பளி;
அங்கே ஏசியைக் குறைக்கவே மாட்டார்கள்.
போன புதன் காலை, ஆறே முக்கால்,
கண்ணாடிக்கு அப்பால்
பள்ளிக்கூடத்தில் நான் கீறிய அதே முக்கோணம்.
நீலமாய், சற்றே கோணலாய்.
மேகம், என்றாள் துப்புரவுக்கு வந்த சந்திராணி.
இல்லை என்றேன், குரல் தடுமாற.

தோஹாவில் அப்போது விடியவில்லை.
இருந்தும் இரட்டையரில் மூத்தவனை எழுப்பினேன்.
டேய், அன்னைக்கி ஒனக்கு நெசமா தெரிஞ்சிச்சா?

போர்வை அசையும் சத்தம்.
"இல்ல. நீ தெரியுதுன்னு சொன்ன. அதான்."

கொஞ்சம் பொறுத்து அவனே கேட்டான்:
"மாமாவுக்குத் தெரிஞ்சிச்சா?"

பதில் தேடிக் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன்.
வெயில் ஏறிவிட்டிருந்தது.
களனிப் பக்கமெல்லாம் வெள்ளை.