ஒரு நபருக்கு மட்டும்

ஒப்பந்தத்தில் மூன்றாவது வரி:
ஒரு நபருக்கு மட்டும்.
அதன் கீழே
மீன் பொரிக்கக் கூடாது,
குளிர்சாதனம் இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை,
விருந்தாளி தங்கக் கூடாது.
சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
நானும் கேட்டுவைக்கவில்லை.

முதல் வாரம் தாழ்வாரத்தில் நின்றது,
திருமதி கோவின் கற்றாழைத் தொட்டிகளுக்கும்
பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரிக்கும் நடுவே.
எட்டாம் நாள் கைப்பிடியில் ஒரு மஞ்சள் தாள்.
வார்டில் நோயாளியின் மணிக்கட்டில்
நாங்கள் கட்டுவோமே, அப்படிக் கட்டியிருந்தார்கள்:
வழியை மறிக்கிறது. அகற்றவும்.

அன்றிலிருந்து உள்ளே.
கட்டில், அலமாரி, நான், அது.
முன்சக்கரத்தைக் கழற்றித்
தலையணைப் பக்கம் சாய்த்தால்தான்
கதவு முழுக்கத் திறக்கும்.
சங்கிலி எண்ணெயின் வாசம்
என் சீருடையில் இருப்பதாக
ஸரீனா ஒருமுறை சொன்னாள்.
மழையில் நனைந்து வரும் இரவுகளில்
இரண்டு பேரையும் ஒரே துண்டால் துவட்டுகிறேன்.
யாரை முதலில் என்பது
மறுநாள் எனக்கு எந்த ஷிப்ட் என்பதைப் பொறுத்தது.

தூக்கம் வராத ஒரு பகலில் கணக்குப் போட்டேன்.
அறை தொண்ணூற்றாறு சதுர அடி,
வாடகை ஆயிரத்து ஐம்பது வெள்ளி.
சைக்கிள் அடைப்பது பன்னிரண்டு.
எட்டில் ஒரு பங்கு.
அப்படியானால் மாதம்
நூற்று முப்பத்தொரு வெள்ளி இருபத்தைந்து காசு
அது எனக்குத் தர வேண்டும்.
பதினான்கு மாத பாக்கி நிற்கிறது.
அதை வாங்கியதே நானூற்று இருபதுக்கு,
பெர்த்துக்குக் கப்பலேற்றக் கட்டுப்படியாகாத ஒருவரிடம்.
பம்பு இலவசம்.

வேறு விதத்தில் திருப்பித் தருகிறது
என்று எழுத ஆசைதான்.
இரவுப்பணி முடிந்த காலைகளில்
யீஷூனில் திரும்பாமல் நேரே பொங்கோல் வரை மிதிக்கிறேன்.
தொடை எரிகிறது.
வாய்க்குள் ஒரு பூச்சி போகிறது.
கரையில் நின்று தண்ணீர் குடிக்கிறேன்.
எதிரே ஜொகூர், புகையும் தென்னையுமாக;
அங்கே இந்தப் பணத்துக்கு
ஒரு வீடே கிடைக்கும் என்பார்கள்.
அப்புறம் அதே வழியில் திரும்பி வருகிறேன்.
இவ்வளவுதான் நடக்கிறது.
இதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

மார்ச்சில் திருமதி கோ கதவைத் தட்டினார்.
"எல்லாம் ஏறிப்போச்சு லா. நூற்றைம்பது கூட."
பிறகு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து,
சுவரில் டயர் இழுத்த கறுப்புக் கோட்டைப் பார்த்து,
"அவர் காலி பண்ணினால் ஐம்பது போதும்."

அவர் என்றார்.
அப்படியானால் நூறு வெள்ளி.
என் கணக்கைவிட
முப்பத்தொரு வெள்ளி இருபத்தைந்து காசு மலிவு.
பேரம் பேசவே தோன்றவில்லை,
எங்கே நினைப்பை மாற்றிக்கொள்வாரோ என்று
உடனே சரி என்றேன்.
அவர் பேனா எடுத்து வந்து
ஒப்பந்தத்தின் ஓரத்தில்
சீனத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார்.
என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

அந்த நூறு எங்கிருந்து வரும் என்றால்
மாதத்தில் கூடுதலாக ஒரு ஞாயிறு வேலையிலிருந்து.
நான் சாங்கி வரைக்கும் போகிற ஞாயிறு அது.
இது எனக்குத் தெரியாமல் இல்லை.

இன்று அந்த ஞாயிறு.
ஆறேமுக்காலுக்குப் பேருந்தில் கிளம்பிவிட்டேன்.
வெளியே பூங்காப் பாதையில்
யாரோ ஒருவரின் பின்விளக்கு,
சிவப்பாக, அவசரமில்லாமல்,
கொஞ்ச தூரம் எங்களோடு வந்து மரங்களுக்குள் திரும்பியது.

பத்து மணிக்குத் திருமதி கோவிடமிருந்து குறுஞ்செய்தி:
உன் அறையில் விசிறி ஓடுகிறது.
உள்ளே யாராவது இருக்கிறார்களா?

கையுறையைக் கழற்றிவிட்டு
என்ன பதில் போடுவதென்று நிற்கிறேன்.