நாலாம் மாடிவரை

நூபியா ஐந்து லட்சத்து எண்பதாயிரம் சேர்த்திருந்தாள்.
லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம்,
பொகோட்டாவில் ஒரு வாய்க் கடுங்காப்பிக்கே
ஆயிரத்து ஐந்நூறு பேசோ.
ஓட்டல் சலவைக்கூடத்தில் மேஜைவிரிப்பு தேய்த்த காசு,
ஓட்ஸ் டப்பாவுக்குள்
நான்காய் மடிந்து, இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது.

விடிகாலை நாலு ஐம்பதுக்குச்
சிவப்புப் பேருந்து வரும்.
வந்து என்ன?
கதவு திறந்தால் இடம் இருக்காது,
இடம் கிடைத்தால் கைப்பை இருக்காது.
பதினேழு கிலோமீட்டர்
முன்பின் தெரியாத முழங்கையை
விலாவில் வாங்கியபடி நின்று
வெளியே பார்ப்பாள்.
பேருந்தைத் தாண்டிப் போகும் சைக்கிள்கள்,
அதிலும் ஒருவன்
சீழ்க்கை அடித்துக்கொண்டு.

அந்தச் சீழ்க்கைதான் இழுத்து வந்தது
ஆகஸ்ட் ஏழு என்ற பேட்டைக்கு.
தேதியே பெயரான இடத்தில்
தவணைத் தேதிகளுக்கா பஞ்சம்?
கொக்கி கொக்கியாய்த் தொங்கின
கிடாக்கொம்பு வளைந்த கைப்பிடிகள்.

முதலாவது புத்தம் புதுசு.
அலுமினியம், ஆரஞ்சு நிறம்,
சுண்டுவிரல் தடிமனில் டயர்.
மட்கார்டு மாட்டத் துளை இல்லை.
"மழைக்கு?" என்றாள்.
"தினமுமா பெய்கிறது?" என்றார் கடைக்காரர் எவெலியோ.
தகரக் கூரைமேல் வானம்
உடனே பதில் சொல்ல ஆரம்பித்தது.

இரண்டாவது கார்பன்.
தூக்கினால் வெறுங்கையைத் தூக்கியதுபோல.
நாணயத்தால் தட்டிக்கொண்டே போனாள்,
தர்பூசணி வாங்குகிற அதே காதோடு.
டிக், டிக், டிக்,
இருக்கைக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும்
டொப்.
எவெலியோ இருமினார்.

மூன்றாவது
கருநீலம்.
அவள் காலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றது.
கையிலிருந்த காசில் பாதி போதும்.
சந்துமுனைவரை மிதித்துப் பார்த்தாள்,
மிதிக்காதபோது பின்சக்கரம்
சில்வண்டாய் ரீங்கரித்தது.
மிச்சப் பணத்தை மனம்
அதற்குள் செலவழித்துவிட்டது.
கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதே என்று
தம்பி சொல்லியிருந்தான். கவிழ்த்தாள்.
பெடல் அச்சுக்கு அடியில்
எண் இருக்க வேண்டிய இடத்தில்
அரம் ராவிய வெள்ளைத் தழும்பு.

யாரோ ஒருவர்
மறுபடி நாலு ஐம்பதுக்கு நிற்கிறார்
என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை.
அது பிற்பாடு, படுக்கையில்.
முதலில் நினைத்தது,
யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?
அடுத்தது,
நான் பார்த்துவிட்டேனே.

நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள்.
"எங்கே நிறுத்துவாய்?"
பேச்சை மாற்றினார் எவெலியோ.
"வீட்டுக்குள்தான். நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது."
"அட, அதை முதலிலேயே சொல்லக் கூடாதா?
அப்படியானால் ஓட்டிப் பார்க்காதே,
தூக்கிப் பார்."

மூலையிலிருந்து உருவினார் ஒரு பழைய எஃகை.
பாசிப்பயறுப் பச்சை,
ஸ்டிக்கர் சுரண்டிய பிசுக்கு,
எட்டே கியர்.
டயர் தடிமன், துளைகள் உண்டு,
கவிழ்த்தால் எண்ணும் உண்டு.
பத்தரைக் கிலோ.
குறுக்குக் குழாயைத் தோளில் ஏற்றினாள்.
ஈரத் துணிமூட்டை சுமந்த தோள்
எடையின் நடுவை
யாரையும் கேட்காமல் கண்டுபிடித்தது.
பரணுக்குப் போகும் படியில்
ஏறினாள், இறங்கினாள்,
ஏறினாள், இறங்கினாள்,
செயின் அவள் சட்டையில் கறுப்பாய்க் கையெழுத்துப் போட்டது.
நாலாவது தடவை மேல்படியில் நின்று
மூச்சு வாங்கிக்கொண்டே விலை கேட்டாள்.

நாலு இருபது. பேசி, நாலு.
பூட்டுக்கு எண்பதாயிரம்,
சைக்கிளைத் தூக்கிய கைக்கு
அந்தப் பூட்டு கனத்தது.
ஹெல்மெட்டும் பின்விளக்கும் போக
டப்பாவில் ஒரு பொட்டலம் ரொட்டிக்கான காசு.
டியூப் ஒன்றை இனாமாய்க் கொடுத்தார் எவெலியோ.
கருநீலம் அதற்குள்
சுவரோரத்தில் இல்லை.

திங்கட்கிழமை.
கியரைத் தப்பான பக்கம் தள்ளி
மேம்பாலத்தில் இறங்கி உருட்டினாள்.
பிரேக் கீச்சிட்டு
நாய் ஒன்று எழுந்து இடம் மாற்றியது.
சிக்னலில் சிவப்புப் பேருந்து
கதவு பிதுங்க நின்றது,
கண்ணாடியில் ஒட்டிய ஒரு கன்னம்
அவளையே பார்த்தது.

சீழ்க்கை அடிக்கத்தான் உதட்டைக் குவித்தாள்.
மூச்சு இல்லை.
இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர்.