குறிப்புக் கட்டம்

காலை ஆறே காலுக்கு மலையிலிருந்து
ஓர் எண் வரும்.
கொழும்பில், நாலாம் மாடியில்,
தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அதை எழுதிக்கொள்வது என் வேலை.
சொல்பவர் மருதவீரன்.
பதினோரு வருஷம், முகம் தெரியாது.
இருமல் தெரியும்.
பின்னால் கூவுகிற சேவலைத் தெரியும்.

பெப்ரவரியில் எண் இறங்கத் தொடங்கியது.
முதலில் அங்குலம் அங்குலமாக,
பிறகு அடகுக்குப் போகும் காப்புகள் போல
சோடி சோடியாக அடிகள்.

மார்ச் ஒன்பது. எண்ணைச் சொன்ன பிறகும்
அவர் போனை வைக்கவில்லை.
"தவளை வந்துருச்சுங்க மிஸ்."
எந்தத் தவளை?
"தவளைக்கல்லுங்க. ஆத்து நடுவுல
வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்திருக்கு.
மேல்ரோட்டுல பஸ் நிக்கிற எடத்துக்குப் பேரு
தவளைக்கல் சந்தி.
ஏன் அந்தப் பேருன்னு
இன்னக்கித்தான் எனக்கே தெரியுது."

என் பதிவேட்டில்
மட்டம், கொள்ளளவு, மழை,
ஓரத்தில் ஒரு விரலகலத்தில் 'குறிப்பு'.
அணை கட்டிய நாள் முதல்
அதில் 'இல்லை' என்றுதான் எழுதி வருகிறோம்.

அன்று பின்னேரம் மின்வெட்டு அட்டவணையை
நானே தட்டச்சு செய்தேன்.
கொட்டாஞ்சேனை ஆறிலிருந்து எட்டு,
வெள்ளவத்தை எட்டிலிருந்து பத்து,
கறுவாத்தோட்டம் அரை மணித்தியாலம்.
(அங்கே கறுவா ஒரு குச்சிகூட இல்லை.)

ஆறு மணிக்கு ஜம்பட்டா வீதி அணைந்தது.
மாடிப்படியில் யாரோ யாரையோ இடித்து
இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்டார்கள்.
மேல்வீட்டு கொரேரா மெழுகுதிரிக்குக் கதவு தட்டினார்.
அரைத் துண்டு கொடுத்தேன்.
எங்கள் குழல்விளக்குகளுக்காக
இத்தனை வருஷம் ஒரு தவளை
மூச்சை அடக்கியிருக்கிறது.
விசிறி இல்லாத அறையில்
சட்டை முதுகோடு ஒட்ட, அதைத்தான் நினைத்தேன்.

மறுநாள் நானே கேட்டேன்: கண் இருக்கிறதா?
"ரெண்டு குழிங்க. ஒண்ணுல சேறு,
இன்னொண்ணுல எவனோ காதலி பேர எழுதிட்டான்.
ஐஸ்காரன்கூட வந்துட்டான்.
எல்லாம் ஒங்க ஊருல இருந்துதான், வேன் வேனா.
போட்டோ அனுப்பவா?"
வேண்டாம் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இன்னும் யோசிக்கிறேன்.

மேயில் எண் ஏறியது.
"தொடை வரைக்கும்."
"வாய்க்குள்ள பூந்துருச்சு."
"முதுகு மட்டும் தெரியுதுங்க, ஒரு தோசைக்கல்லு அளவு."
பிறகு ஒரு காலை
எண் மட்டும்.
சேவல் இரண்டு தரம் கூவியது.
இருவரும் வைக்கவில்லை.

மாதக் கடைசியில் ரணவீர சேர் கையொப்பமிட வந்தார்.
குறிப்புக் கட்டத்தில், பென்சிலில்,
வரிக்கு வரி ஒரே தமிழ்ச் சொல்.
இது என்ன என்றார், சிங்களத்தில்.
ஒரு பஸ் தரிப்பிடம், சேர்.
அவர் என்னைப் பார்த்தார்,
மேலே விசிறியைப் பார்த்தார்.
அது சுற்றிக்கொண்டிருந்தது.
கையொப்பமிட்டார்.