முந்நூற்றுப் பதினேழாம் வரி

பதினொரு நாளுக்கு ஒருமுறை சாகும்.
ஜூலைக் குளிரில் அப்படி.
ஜனவரி என்றால் ஆறே நாள்.
எடைமேடையில் லாரி நிற்கும்போதே திரை உறையும்,
சுல்மா கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிடுவாள்,
நான் பொத்தானை அழுத்துவேன்,
ஒன்றும் அறியாததுபோல் மறுபடி பிறந்து வரும்.

நுவேவா எல்வேசியா பால் கூட்டுறவில்
ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
வெயில் என்றார் மேலாளர்.
மின்விசிறியில் வைக்கோல் தூசு என்ற எலாதியோ
புதிதாக ஒன்று வாங்கி அவரே மாட்டினார்.
ஆறாம் நாள்
சில்லென்ற பெட்டிக்குள் செத்துக் கிடந்தது நிரல்.

சி மொழியில் எழுதியது.
எச்சில் தட்டு எடுக்க அந்த மொழியில் ஆள் கிடையாது.
இடம் கேட்டால் தரும்,
எவ்வளவு என்று கேட்கும், எதற்கு என்று கேட்காது.
திருப்பிக் கொடுப்பது அவரவர் மானம்.

மேலோக் நாற்பத்து மூன்று.
ஃப்ரீ நாற்பத்து மூன்று.
தாளில் அச்சிட்டு, தரையில் விரித்து,
முழங்காலிட்டுச் சிவப்புப் பென்சிலால் ஜோடி சேர்த்தேன்.
ஒன்றுகூடத் தனியாக நிற்கவில்லை.
கணக்கு சரியாக இருந்தது,
அதுதான் எரிச்சல்.

வால்கிரைண்டுக்குள் விட்டுப் பார்த்தேன்.
ஓடுகிற நிரலை அது
இடுப்பளவு சேற்றில் நடக்கவைக்கும்.
விடிகாலை மூன்று மணி,
மாத்தே குடிக்கக் கொண்டுவந்த வெந்நீர் ஆறிப்போயிருந்தது.
சோதனைக்கு நான் அனுப்பிய பத்தாயிரம் லாரிகளும்
நல்ல பால் கொண்டுவந்தன,
ஒரு பைட் கசியவில்லை.

நல்ல பால்.

எழுந்து நின்று அதை இன்னொரு முறை சொன்னேன்,
இம்முறை வாய்விட்டு.

ஜனவரியில் பால் திரியும்.
திரிந்தால் லாரி திரும்பிப் போகும்.
முந்நூற்றுப் பதினேழாம் வரியில் ஓர் இஃப்,
அடுத்ததில் ஒரு ரிட்டர்ன்.
எட்டு வரி தள்ளி அந்த ஃப்ரீ,
நல்ல பால் வரும் வழியில் மட்டும் நின்றுகொண்டிருந்தது.
வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்
பாதியிலேயே வெளியேறிவிட்டார்.
அவருக்கு விரித்த பாயை யாரும் சுருட்டவில்லை.

திருத்தும் முன் ஓர் ஆசை.
சாகவிருந்த நிரலின் நினைவகத்தை
அப்படியே கோப்பில் கொட்டினேன்.
எண்கள், எண்கள், வலது ஓரத்தில்
எழுத்தாகத் தெரிந்தவை:

ரைசிக் ஓதீலியா
ரைசிக் ஓதீலியா
பெர்தினாத் ஹில்தா
ரைசிக் ஓதீலியா

பெயர், தேதி, பண்ணை எண்,
அமிலமானி வரைந்த கோடு முழுவதும்,
தலைக்கு ஒரு மெகாபைட்.
நல்ல பால் ஊற்றியவர்களில் ஒருவரும் இல்லை.
எடை போட்டுக் காசு கணக்கிட்டதும்
அவர்களை மறந்துவிட்டது.
திருப்பி அனுப்பியவர்களை மட்டும்
மூச்சு முட்டும்வரை சுமந்திருக்கிறது.
வேறெங்கும் அவர்கள் இல்லை.
பேரேட்டில் எழுதும் வரியும்
அந்த ரிட்டர்னுக்குக் கீழேதான் இருந்தது.

ஐம்பத்தெட்டுப் பெயர்.
இருபத்திரண்டு ஓதீலியா.

சுல்மாவிடம் தாளை நீட்டினேன்.
"பாதையில் கடைசி வீடு," என்றாள்,
"லாரி போகும்போது நண்பகல்.
நான் தினம் பார்க்கிறேன், எண்ணிப் பார்த்ததில்லை."
தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு
மேலாளர் அறைக்குப் போனாள்.
கதவு சாத்தியிருந்தது, குரல் கேட்டது.

பெயரைப் பேரேட்டில் எழுத ஒரு வரி,
அதற்கும் கீழே ஃப்ரீ.
தொகுத்தேன், ஓட்டினேன், வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

ஏழாம் நாள் சாகவில்லை.
பன்னிரண்டாம் நாள் மறந்தே போனோம்.
இப்போது லாரி முதலில் போவது ஓதீலியாவின் பண்ணைக்கு.
பிப்ரவரியில் இரண்டு முறை அப்படியும் திரிந்தது.
ஹில்தா இப்போது கடைசி.