தேர் போன மறுநாள்

தண்ணீர்மலைக்குத் தேர் போன மறுநாள்
டத்தோ கிராமாட் சாலையில்
முனிசிபல் லோரி வருவதற்குள் அள்ளியாக வேண்டும்.
குணாளன் மண்வெட்டியோடு, நான் சாக்குகளோடு.
வெயில் ஏறினால் இளநீர் புளித்து
செருப்பு ஒட்டும்.

நூற்றுப் பதினாறு சாக்கு.
ஒவ்வொரு தேங்காயும் யாரோ எதற்கோ உடைத்தது:
பரீட்சை, விசா, கருப்பை, வட்டிக்காரன்.
எது யாருடையது என்று சிரட்டைக்குத் தெரியாது.
பருப்பைச் சுரண்டி மாட்டுக்காரருக்குக் கொடுத்தோம்.

எண்ணெய் டிரம்மில் அடுக்கி
மூடி போட்டு, விளிம்பைக் களிமண்ணால் பூசி
எரிக்கிறோம்.
"எரிக்கலே," என்று திருத்துவான் குணாளன்,
"எரியவிடாம வச்சிருக்கோம்."
சாம்பலாக அனுமதி இல்லாத நெருப்பு.
விடிந்து திறந்தால்
உருவம் அப்படியே, நிறம் மட்டும் இரவு.
சுண்டினால் கிண்ணென்கிறது.

உயிர்க்கரி என்று இதற்குப் பெயர்.
உயிர் எங்கே, என்று மலாயில் கேட்டாள் ஊய்,
ஜெலுத்தோங் பசாரில் மீன் வெட்டுபவள்.
அவள் கடைக்குப் பின்னால்தான் எங்கள் சதுப்புத் தொட்டி.
அடியில் சரளை, நடுவில் கரி, மேலே மணல்,
மணலில் முந்நூறு சம்பங்கோரை.
செதிலும் ரத்தமும் ஐஸ் உருகிய நீரும்
கால்வாய்க்குப் போகுமுன்
இங்கே இரண்டு நாள் தங்கிப் போகவேண்டும்.

முதல் மாதம் தோற்றோம்.
தப்பு என்னுடையது. கரியைக் கழுவாமல் கொட்டிவிட்டேன்.
சாம்பலின் காரம் இறங்கி
கோரை நுனியெல்லாம் மஞ்சள்.
கடைசிக் குழாயில் மை ஒழுகியது.
"சிவப்பா அனுப்பினேன், கறுப்பா வருது.
இதுக்கா இத்தனை ஆயிரம் வெள்ளி?"
ஊய் சிரித்தது பசார் முழுக்கக் கேட்டது.
மழையோடு மழையாக எல்லாவற்றையும் தோண்டி
கூடை கூடையாகக் கழுவினோம்.
அன்றிரவு சோற்றிலும் என் கைரேகை பதிந்தது.

இப்போது ஒன்பதாம் மாதம்.
செவ்வாய்தோறும் சீசாவில் பிடித்து
ரோஸ்னானியின் ஆய்வுக்கூடத்தில் கொடுக்கிறேன்.
அம்மோனியா உள்ளே எழுபத்திரண்டு, வெளியே ஒன்பது.
தீபாவளி வாரம் பதினான்கு; கூட்டம் அப்படி.
ஒரு கிராம் கரியைப் பிரித்து விரித்தால்
மூன்று பூப்பந்து மைதானம் என்றாள்.
நுண்ணோக்கியில் காட்டினாள்:
துளைக்குத் துளை குடித்தனம்,
வாடகை கிடையாது, மீன் ரத்தத்தில் வளர்கிற கூட்டம்.
ஊயிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.
சனிக்கிழமை. அவளுக்குக் கத்தியைக் கீழே வைக்க நேரமில்லை.

கரி ஒருநாள் நிறையும்.
ரெண்டு வருஷமோ மூணோ, என்கிறான் குணாளன்.
பிறகு வாரி எடுத்து
பாலேக் பூலாவில் ஜாதிக்காய் மரத்தடியில் போட
ஒருவர் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.

குணாளனிடம் ஒன்று சொல்லவில்லை.
அந்தச் சாக்குகளில் ஒன்றில் என் தேங்காயும் இருந்தது.
அவன் சிங்கப்பூருக்குப் போகக்கூடாது என்று
ஓங்கி உடைத்தேன், ஒரே அடியில் சிதறியது,
நல்ல சகுனம் என்றார்கள் பக்கத்தில்.
மாசி பிறக்குமுன் போய்விட்டான்.

சிரட்டை போகவில்லை.
கோரை வேருக்கடியில் எந்த அடுக்கிலோ கிடந்து
வருகிற தண்ணீரில் கொஞ்சத்தைப்
பிடித்துவைத்துக்கொள்கிறது.